எண்ணெயில் பார்த்திருக்க வேண்டிய முகம்

அக்காவின் தலைப்பிள்ளை கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தது. மாலை சுற்றிப் பிறந்த ஆண் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். தாய்மாமன் என்று இருந்தது நான் ஒருவன்தான். தீட்டுக் கழிக்கும் நாளில் தாம்பாளத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் பிள்ளையின் முகத்தை மாமன் முதலில் பார்க்கவேண்டும். அதற்கு முன் நேரில் பார்த்துவிட்டால் மாமன் உயிருக்கு ஆபத்து.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வயது, வாயும் கொஞ்சம் நீளம். பூச்சாண்டி காட்டாதே என்று அக்காவைக் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் மலேரியாவில் அடுத்தடுத்துப் போன பிறகு, தன் சோற்றில் பாதியை என் தட்டில் போட்டு என்னை ஆளாக்கியவள். என்னைப் பக்கத்துக் காம்பராவில் படுக்க அனுப்பிவிட்டு, தன் வாசலில் சாக்குத் திரை தொங்கவிட்டாள். வெளியே நின்றுதான் அவளோடு பேசலாம்.

எண்ணெய் பார்க்கும் நாள் வருவதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஐப்பசியில் பிடித்த மழை விட்டபாடில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா வந்து பார்த்தார்.

“இது என்ர கையில இல்லை. இண்டைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்றார்.

பசறைப் பாதையில் மண் சரிந்து லாரி நின்றுபோயிருந்தது. ஸ்பிரிங்வெளிக்குச் சாவு வீட்டுக்குப் போன அக்கா புருஷனும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். சரிவை நடந்து தாண்டினால் பஸ் பிடிக்கலாம் என்றார்கள்.

அக்கா பிள்ளையைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் முன்னால் நடக்கவேண்டும், திரும்பக்கூடாது. திரும்பினால் அப்படியே லயத்துக்குப் போய்விடுவேன் என்று மிரட்டினாள். பச்சை உடம்புக்காரி, பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் காதில் பிடித்துக்கொண்டுதான் நான் நடந்தேன்.

சரிவில் தேயிலைச் செடிகள் வேரோடு கிடந்தன. முதல் அடியிலேயே அக்காவின் கால் முழங்கால்வரை புதைந்தது. பிள்ளையோடு அவளால் ஏற முடியாது. என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். சேலைத் தலைப்பைக் கிழித்துப் பிள்ளையின் முகத்தை மூடி, விலகாதபடி ஓரத்தைச் செருகி, என் கையில் கொடுத்தாள். முகத்தைத் திறக்கமாட்டேன் என்று அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

பாதிச் சரிவு ஏறியபோது சிணுங்கல் நின்றுவிட்டது. மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கீழே அக்கா சேற்றில் கை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சத்தத்தக் காணோம். தொறந்து பாக்கப் போறேன்.”

“பாக்காத.”

“மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியலக்கா.”

அவள் அப்படியே நின்றாள். அழுதாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: “எது நடந்தாலும் பாக்காதடா. எனக்கு நீ வேணும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்ற பிள்ளையையே கொடுத்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாளே, அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு நான் எப்படி இருப்பேன்? துணியைப் பிடித்து இழுத்தேன்.

முகம் நீலம் பாரித்திருந்தது. நனைந்த துணி மூக்கிலும் வாயிலும் ஒட்டி மூச்சை அடைத்திருந்தது. என் உயிருக்காகப் போட்ட துணி அது. பிள்ளையின் வாயில் ஊதினேன், கவிழ்த்துப் போட்டு முதுகைத் தட்டினேன், மறுபடி ஊதினேன். ஒரு விக்கல் வந்தது. அப்புறம் வீறிட்டு அழுதது. எங்கள் அப்பாவின் மூக்கு அதற்கு.

அக்கா தவழ்ந்து வந்து சேர்ந்தாள். பிள்ளையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சேற்றுக் கையால் என் முகத்தை ஏந்திக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். எழவு வீட்டில் வைப்பது போலவே, என் குணமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் கையில் பிள்ளையோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பதுளையில் ஊசி போட்டார்கள். சளி நெஞ்சில் கட்டியிருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து பால் கொடுக்கச் சொன்னாள். அக்கா ஒரு கையால் அவனை மாரோடு சேர்த்துக்கொண்டு, மறு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவளும் கூட எழுந்தாள்.

என் சாவை நினைத்து நான் பயந்தவன் இல்லை. இவள் உயிரோடு இருக்கும்வரை நான் சாகக்கூடாதே என்ற பயம் அங்கேதான் வந்தது. பிள்ளை தேறி நாங்கள் ஊர் திரும்பிய அன்று மண்சரிவில் ஒற்றையடிப் பாதை போட்டிருந்தார்கள். இத்தனை நாளில் எனக்கு ஒன்றும் ஆகாத தைரியத்தில் அக்கா பிள்ளையோடு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். நான் ஒரு கம்பை ஒடித்து, ஊன்றிப் பார்த்து ஊன்றிப் பார்த்து, கிழவன் மாதிரி நடந்து வந்தேன்.