திண்டிவனத்தில் ஹீட்டர்

திண்டிவனம் புறவழிச்சாலையில் உச்சி வெயில் கொளுத்துகிறது. எங்கள் பழைய காரின் ஹீட்டரில் சூடு போதவில்லை என்றதும் மெக்கானிக் சிரிக்கிறார்.

"இந்த வெயில்ல ஹீட்டரு எதுக்கு சார்?"

"ஊட்டியில எங்க பொண்ணுக்குக் குறைமாசத்துல குழந்தை பொறந்துச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு அனுப்புறாங்க. கூட்டிக்கினு வரணும்."

சிரிப்பு நின்றுவிடுகிறது. அவர் பானெட்டைத் திறக்கிறார். ஹீட்டருக்குப் போகும் குழாய் கசிந்து கூலன்ட் குறைந்திருக்கிறது. அவர் குழாயை மாற்றிக் கூலன்ட் ஊற்றும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விழுப்புரம் பேருந்துகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போகின்றன.

"இப்ப போட்டுப் பாருங்க சார்."

கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போடுகிறேன். அனல் முகத்தில் அடிக்கிறது. அணைக்கப் போன என் கையை மனைவி பிடித்துக்கொள்கிறாள். அவள் நெற்றியில் வியர்வை வழிகிறது.

"இருங்க. நிக்காம வருதான்னு பாக்கணும்."