டார்ச் போர்டும் ஓர் ஆணியும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு டார்ச் லைட் இருந்ததாம். பகலெல்லாம் பளிச்சென்று எரியுமாம். வரப்பில் பாம்பு குறுக்கே வரும்போது மட்டும் அணைந்துபோகுமாம். அதைத் தட்டித் தட்டிக் கை வீங்கியவர்களில் சிலர், இனிமேல் டார்ச்சை நாமே செய்துகொள்வோம் என்று கிளம்பினார்கள். அவர்களுக்குச் சர்க்யூட் போர்டு வரைந்து கொடுத்ததுதான் என் தொழில். விரலில் செம்பைக் கரைக்கும் பெர்ரிக் குளோரைடின் கறையோடு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்கார்வதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எனக்குப் பாதி மேசை. மீதிப் பாதியும் கடை முழுவதும் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு. வாசலில் என் பெயர் எழுதிய பலகை ஒன்று மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் தணிவு. மூன்றாம் தடவைதான் அண்ணாச்சி காதில் ஏறியது.

அவர் யோசித்தார். ஊரில் டார்ச் கட்டுகிறவர்கள் எல்லாரும் யோசனை கேட்பது காந்திமதி அக்காவிடம். பாளையங்கோட்டையில் பாங்கில் வேலை. டார்ச்சைக் கடையில் வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டால், தினமும் ஓட்டலில் சாப்பிட்டால் என்ன என்று திருப்பிக் கேட்பார். அக்கா ஒரு போர்டை வேண்டாம் என்று ஒதுக்கினால், அதை ஊரில் வேறு யாரும் தொடமாட்டார்கள். அதனால் அண்ணாச்சி நிபந்தனையை அங்கே கொண்டுபோய்க் கட்டினார்.

"ஏலே சங்கரா, காந்திமதி உங்கிட்ட வாங்கின போர்டு ஒண்ணாவது திரும்பி வராம இருக்கட்டும். அன்னைக்கே வாசத் தூணுல நானே ஆணி அடிச்சித் தாரேன்."

மெரூன் கலர்

போர்டு என்பது ஒரு பக்கம் செம்புத் தகடு ஒட்டிய பலகை. கரண்டு ஓட வேண்டிய பாதையைச் செம்பின் மேல் வரைந்து, கரைசலில் போட்டு ஆட்டினால், வரையாத இடமெல்லாம் கரைந்துபோகும். வரைந்த இடம் தப்பிக்க வேண்டுமானால் மேலே கரைசல் ஏறாத பூச்சு வேண்டும். பெயிண்ட் பரவியது. பேனா மை கழன்றது. கடைசியில் கைகொடுத்தது நெயில் பாலிஷ்தான். அதிலும் மெரூன் கலர். செம்பின் மேல் தெளிவாகத் தெரியும், பிரஷும் மெலிசு.

வாரம் தவறாமல் ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன். மூடியைத் திறந்து, பிரஷின் நுனி பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். கடைக்கார அம்மாள் ஒன்றும் கேட்காமல் பொட்டலம் கட்டித் தருவார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் சுற்றிலும் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னார்:

"பொண்ணு யாருன்னு நான் கேக்கல தம்பி. ஆனா வாரம் ஒரு சீசா பூசுனா அந்தப் புள்ள நகம் என்னத்துக்கு ஆகும்?"

இஸ்திரிப் பெட்டி

காந்திமதி அக்கா முதலில் கொண்டுவந்தது ஓர் அலுமினியக் குழாய். பேட்டையில் லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து கடைந்து வாங்கியது. பல்புக்குப் பின்னால் வட்டமாக ஒரு போர்டு உட்கார வேண்டும். சுவிட்சைப் போட்டதும் பல்பை அதிரவிடாமல் வெளிச்சத்தைப் பையப் பைய ஏற்ற வேண்டும். செல் தீரப்போகிறது என்றால் சிவப்புப் பொட்டு ஒன்று எரிந்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாமான்களை அவரே பற்றவைத்துக்கொள்வார். என் பொறுப்பு பலகை மட்டும்.

அதுவரை நான் செய்ததெல்லாம் சதுரம். வட்டத்தை வெட்டி அரம் போட்டுத் தேய்த்ததிலேயே எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். குழாய்க்குள் தள்ளினால் ஆடாமல் அசையாமல் போய் உட்கார்ந்தது. இடம் பற்றாததால் பாதைகளை ஓரம் வரைக்கும் இழுத்திருந்தேன். அந்தக் குழாயே மைனஸ் கம்பி என்பது வரையும்போது என் நினைவில் இல்லை. ஓரத்தில் ஓடிய பிளஸ் பாதை குழாயைத் தொட்டது. மறுநாள் அக்கா டார்ச்சைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பல்பு எரியவில்லை, குழாய் மட்டும் கொதித்தது. அதை மேசையில் வைத்துவிட்டு விரல்களை ஊதிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நான் வெளிச்சம்லா கேட்டேன். நீ இஸ்திரிப் பெட்டி பண்ணிக் குடுத்துருக்க."

கைப்பைக் கண்ணாடி

இரண்டாவது போர்டில் ஓரம் சுற்றிலும் ஒரு நூல் அகலத்துக்குச் செம்பே இல்லாமல் ஒதுக்கினேன். பட்டறைக்காரர்கள் அரைக்கால் அங்குலத்துக்குச் சொல்லும் அந்த ஒரு நூலை மிச்சம் பிடிக்க, மெரூன் பாதைகளை ஒன்றுக்குள் ஒன்று வளைத்துக் கொண்டுபோனதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே பெருமையாக இருக்கும். அண்ணாச்சிகூடக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, கோலம் மாதிரி இருக்கு என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

போர்டு வரைகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. சாமான் உட்காருவது பலகையின் மேல்பக்கம். செம்பு இருப்பது அடிப்பக்கம். மேலிருந்து பார்த்துப் படம் போட்டால், செம்பில் அதை இடவலமாகத் திருப்பி வரைய வேண்டும். அழகில் மயங்கி நான் அப்படியே வரைந்துவிட்டேன். எட்டுக்கால் ஐ.சி. சில்லு ஒன்று அதில் உட்கார வேண்டும். அதன் இடப்பக்கக் காலுக்கு வெட்டிய பாதை வலப்பக்கம் இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, போர்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். அண்ணாச்சியும் நானும் எட்டிப் பார்த்தோம்.

"இதுக்குள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. இனிமே டார்ச்சோட ஒரு கண்ணாடியும் சேத்துக் குடுத்துரு."

பைய வரும் வெளிச்சம்

ஒதுக்கப்பட்ட அந்தப் போர்டு மேசை மேல் கிடந்தது. சேரன்மகாதேவியிலிருந்து வேலாயுதம் என்று ஒருவர் வருவார். வயலும் உண்டு, பம்புசெட்டும் உண்டு, எதையாவது கழற்றி மாட்டாவிட்டால் சோறு இறங்காது. அக்கா வேண்டாமென்றதைத் தொட்டவர் வெளியூர்க்காரரான அவர் ஒருவர்தான். தப்பைச் சொன்னேன். ஐ.சி.யைச் செம்புப் பக்கமே உட்காரவைத்துப் பற்றவைத்துவிட்டால் இடம் வலம் தானாகச் சரியாகிவிடுமே என்றார். எனக்கு அது தோன்றாமல் இல்லை. அக்காவிடம் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை.

பம்புசெட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயில் டார்ச் கட்டினார். குழாய் பெரிதாகப் போனதால் பத்தமடைப் பாயின் ஓரத்துண்டைப் போர்டைச் சுற்றி இறுக்கியிருந்தார். ஆனால் ஒரு வாரத்தில் திரும்ப வந்தார். சுவிட்சைப் போட்டால் உடனே எரியவில்லை, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால்தான் எரிகிறது என்றார். போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டார், தட்டக் கையை ஓங்கினார். அந்தக் கையைப் பைய நான் பிடித்துக்கொண்டேன். பல்பு தணல் மாதிரிச் சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையாகி நின்றது. அதற்காகத்தான் அந்தப் போர்டே, பல்பு சட்டென்று பீஸ் போகாது என்றேன். நம்பாமல்தான் போனார்.

அதுவரை அவருக்கு ஒரு பல்பு ஒரு போகம் தாண்டியது கிடையாது. அறுப்பு முடிந்து, கையில் ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார். அதே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வீட்டு மருமகன் மாதிரிதான் வே இதும். பைய வாரான். ஆனா வந்துட்டா போக மாட்டுக்கான்."

தூண்

மூன்றாவது போர்டுக்கு முதலில் காகிதத்தில் படம் போட்டு, அதைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்திலிருந்து நகலெடுத்தேன். பாதை முடிந்தபின் நடுவில் கடுகு அளவு இடம் மிஞ்சியது. அதில் என் பெயரின் முதலெழுத்தை, 'ச' என்று எழுதினேன். அக்கா வாங்கிப் பார்த்தார், கைப்பையில் போட்டுக் கொண்டுபோனார்.

பிறகு வரவில்லை. அண்ணாச்சி தினமும் தூணைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாங்கு விட்டு வரும் வழியில், அக்கா கடைப்படி ஏறினார். கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து மேசையில் வைத்தார். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இந்தா, திரும்பி வந்துட்டுல்லா," என்றார்.

என்ன திரும்பி வந்தது என்று அக்கா கேட்டார். அண்ணாச்சி ஆணிக் கதையை முழுசாகச் சொன்னார். அக்கா பையில் கைவிட்டு, மூன்று வெறும் குழாய்களை எடுத்து டார்ச்சுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார். கூட வேலை பார்ப்பவர்களுடையவை. அதே போர்டுதான் வேண்டும் என்கிறார்களாம். பற்றவைக்கும்போது அந்த எழுத்தின் மேல் ஈயம் படாமல் பார்த்துக்கொண்டதாக என்னிடம் சொன்னார். அண்ணாச்சி விடவில்லை, எப்படியானாலும் போர்டு கடைக்குள் வந்துவிட்டதே என்றார். அக்கா டார்ச்சை எடுத்து மேசைக்கடியில் இருட்டுக்குள் காட்டினார். பல்பு சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையாகி நிற்க, அண்ணாச்சி போன வருஷம் தொலைத்த ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் தெரிந்தது.

"திரும்பி வந்தது நான்லா அண்ணாச்சி. போர்டு இதுக்குள்ளயேதான் இருக்கு. நீங்க சுத்தியலை எடுங்க."

டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி, வெயிலோடு வெயிலாக ரத வீதியில் நடந்து போய்விட்டார்.

கறை படிந்த விரலும் காது நிறையத் திட்டுமாகக் கிடந்து, கடைசியில் அடுத்தவர் தூணில் ஓர் ஆணி அளவு இடம் சம்பாதிக்கிற தொழில் இது.