ஒரே வெட்டு விழுந்த இரண்டு ராணி ரூபாய்கள்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன், வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் எடையையும் அளவையும் சரிபார்ப்பது என் வேலை, பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறேன். சர்ச்சுக்குப் போவேன், ஜெபம் செய்வேன். பேய், ஆவி, மாயம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

பழைய காசு சேர்க்கும் ஆசை மட்டும் உண்டு, அதனால்தான் ஃபிலோமினா டீச்சர் பழக்கம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் தனியாக இருக்கிறார். வெள்ளிக்காசு அசலா போலியா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஏமாற்றியிருக்கிறார்களா என்று வியாபாரிகளே அவரிடம் வந்து கேட்பார்கள். ஒரு பைசா வாங்கமாட்டார். ஒருமுறை நான் பெருமையாகக் கொண்டுபோன காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்டி ஓசையைக் கேட்டார். "இது பாடலியே ஆண்டனி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை, மனுஷருக்கு இப்படியும் ஒரு காது இருக்குமா என்றுதான் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, புதிதாக வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசைக் காட்ட அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில், பதினொரு மணி இருக்கும். அக்கா தங்கை இரண்டு பேர் வந்தார்கள், சேர்ந்து வரவில்லை. அக்கா ராஜாமணி ஹனூரிலிருந்து பஸ்ஸில் வந்தார், தங்கை சரோஜா விஜயநகரிலிருந்து ஸ்கூட்டரில். ஆறு வருடமாகப் பேச்சில்லையாம். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, வெள்ளைக்காரர் காலத்து ராணித் தலை போட்ட வெள்ளி ரூபாயை ஆளுக்கொன்றாக மேஜையில் வைத்தார்கள்.

"எங்கம்மாகிட்ட இருந்தது ஒரே ஒரு ராணி ரூவாதானுங்க டீச்சர்," என்றார் ராஜாமணி. "கண்ண மூடறப்ப என் கையிலதான் குடுத்தாங்க. இவ அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சுக்கிட்டு, அதுதான் அம்மாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறா."

"சும்னெ சொல்றாங்க டீச்சர், எல்லாம் பொய். என் பிரசவத்துக்கு வந்தப்பவே அம்மா எனக்குக் குடுத்துட்டாங்க. டூப்ளிகேட் பண்ணது அக்காதான்" என்றார் சரோஜா.

ராஜாமணியின் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மணப்பெண் கழுத்தில் அம்மாவின் ரூபாயைக் கோத்துப் போட வேண்டும். "இவளுது போலின்னா இவ கல்யாணத்துக்கு வரக்கூடாதுங்க. என்னுது போலின்னா நான் இவ கால்ல விழுந்துடறேன்" என்றார்.

டீச்சர் லென்ஸை எடுத்தார். ஒரு மணி நேரம் அவர் பார்த்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அச்சில் ஊற்றிய போலியில் பொடிப்பொடிக் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும். இரண்டிலும் அப்படி ஒன்றும் இல்லை. ராணியின் கன்னத்திலும் காதோர முடியிலும் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த தேய்மானம், இயற்கையான கறுப்பு. இரண்டும் ஒரே மாதிரிப் பாடின. ஆனால் ராணியின் தாடைக்குக் கீழே ஒரு வெட்டு, அதுவும் இரண்டிலும். மாலையில் கோக்க எப்போதோ கொக்கி பற்றவைத்திருந்த பொட்டும் இரண்டிலும். டீச்சர் லென்ஸை என்னிடம் நீட்டினார். முடி போன்ற கீறல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன், இதில் இருந்த ஒவ்வொன்றும் அதே இடத்தில் அதிலும் இருந்தது. என் தராசில் தனித்தனியாக வைத்தேன். 11.41 கிராம். அடுத்ததும் 11.41.

டீச்சர் ஏதாவது ஒன்றைப் போலி என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரெண்டும் அசல்தாம்மா. எப்படின்னு எனக்குத் தெரியல. ஆனா யாரும் யாரையும் ஏமாத்தல" என்றார்.

ராஜாமணி தங்கையின் ரூபாயை எடுத்து அந்த வெட்டை விரலால் தடவினார். "அம்மா அருவா பட்ட வெட்டு" என்றார். ரூபாயைத் தராசுப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீ முன்னாடியே வந்துரு சரோசா. புள்ளைக்கு நீயே போட்டு வுடு" என்றார். சரோஜா அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் டீச்சரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டுமில்லையா.

இங்கே முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன். டீச்சர் என்ன நினைத்தாரோ, இரண்டு ரூபாயையும் சேர்த்துத் தராசில் வைத்தார். 11.41.

தராசு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டையும் எடுத்துவிட்டு என்னிடமிருந்த இருபது கிராம் படிக்கல்லை வைத்தேன், 20.00 காட்டியது. மறுபடி இரண்டு ரூபாய், மறுபடி 11.41. நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சகோதரிகள் இதைக் கவனிக்கவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது, சரோஜாதான் பெண்ணுக்கு ரூபாயைப் போட்டுவிட்டாராம். டீச்சரிடம் அந்த எடையைப் பற்றி நான் பேச்செடுத்ததில்லை, அவரும் எடுத்ததில்லை.

ஆனால் அன்று கிளம்பும்போது ராஜாமணி கை நீட்டித் தன் ரூபாயைத் தராசிலிருந்து எடுத்தார், தங்கையுடையது மட்டும் அதில் இருந்தது. மூச்சுக்காற்று பட்டாலே கடைசி இலக்கம் துள்ளுகிற தராசு அது. நான் அந்த 11.41-ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.