வெறும் தண்ணீர் நடை

லாலாங் புல்லைக் கொல்லும் மருந்தை முதுகில் சுமந்து அடிப்பதுதான் என் வேலை. ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிய பிறகும் அந்த விஷம் ஸ்டோரில் பீப்பாய் பீப்பாயாகக் கிடந்தது. மலாயாவில் பீடோங் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், கணக்கு எழுதும் கிராணிதான் அப்போது ராஜா.

ஜப்பான்காரன் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில் பாதைக்கு ஆள் சேர்த்துத் தருவதும் அவர் பொறுப்பு. போனவர் யாரும் திரும்பி வரவில்லை. பெயர் கொடுக்கும் குடும்பத்துக்கு அரிசி. என் வீட்டுக்காரர் போக மாட்டேன் என்றுவிட்டார். ரப்பர் நிரைகளுக்கு நடுவே லயத்து வீடுகளில் குடியிருந்த பெண்கள் நாங்கள் நட்ட மரவள்ளி இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. அது கிராணியின் கண்ணை உறுத்தியது. லாலாங்கோடு மரவள்ளிக்கும் சேர்த்து மருந்தடிக்கச் சொன்னார். கிழங்கைப் பிடுங்கினால் ஜப்பான்காரனிடம் பிடித்துக் கொடுப்பாராம். வயிறு காய்ந்தால் ஆண்கள் தாமாக லாரி ஏறுவார்கள் என்று நினைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து கலக்குமுன் தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரே சீராகப் பம்பு அடித்து, ஒரே சீராக நடந்து, ஒரு தொட்டி எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்ப்போம். அதை வைத்துத்தான் கலவை. இல்லாவிட்டால் ஓரிடம் கருகும், ஓரிடம் தழைக்கும். மருந்து வீணானால் ஜப்பான்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கிராணி.

அன்று மத்தியான மழைவரை இழுத்தடிக்க, வேண்டுமென்றே சீரில்லாமல் நடந்தேன். ஒருமுறை ஓட்டமாக, மறுமுறை ஆமை மாதிரி. தொட்டி ஒருதரம் பாதி நிரையில் தீர்ந்தது, ஒருதரம் மிஞ்சியது.

"என்னம்மா, இன்னிக்குக் காலு பின்னுதா?" என்றார் கிராணி.

"குழா வாயில மண்ணு ஐயா. சரியா வரலன்னா மருந்து வீணாப் போயிரும்லா."

கழற்றினேன், ஊதினேன், மாட்டினேன், மறுபடி நடந்தேன். மற்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் சுமந்தார்கள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் மருந்தடித்தால் அத்தனையும் வாய்க்காலுக்குத்தான். "நாளைக்கு அடிங்க," என்று உறுமிவிட்டுக் கிராணி குடையை விரித்தார்.

அவர் போகும்வரை நான் காத்திருக்கவில்லை. அவர் கண்ணெதிரிலேயே முதல் மரவள்ளிச் செடியைக் கிழங்கோடு இழுத்தேன். பக்கத்தில் நின்றவளும் குனிந்தாள். பிறகு எல்லாரும்.

"யாரு பிடுங்கச் சொன்னா? ஜப்பான்காரன்கிட்ட சொல்லிருவேன்!"

பயம் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சொல்லுங்க ஐயா. எங்க எல்லாரையும் பிடிச்சிட்டுப் போனா நாளைக்கு மருந்து யாரு அடிப்பா? தொட்டிய நீங்க தூக்குங்க."

அவர் தொட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், குடையைச் சாய்த்துக்கொண்டு நடையைக் கட்டினார். கிழங்கைச் சீவி, காயவைத்து, வீட்டுக்கு வீடு பங்கிட்டுக்கொண்டோம்.

சயாமுக்கு லாரி புறப்பட்ட காலையில் என் வீட்டுக்காரர் அடுப்பருகே உட்கார்ந்து, அவித்த கிழங்கை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்.