எஞ்சினுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜைக்கு இன்று தங்கராஜுடன் போனேன். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். அவர் ஓட்டிய டீசல் எஞ்சினை, மீட்டர் கேஜ் பாதை போனபின் ரயில் நிலைய வாசலில் மேடையேற்றிக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள்.

கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எஞ்சின் நகர்ந்தால்தானே நசுங்கும்?

"நசுங்கலன்னா பூஜை முடியாது சார்" என்றார்.

எங்களை அழைத்துவந்த ஆட்டோக்காரர் சிரித்தார். "அத்தனை பெட்டி இழுத்த எஞ்சினுக்கு ஒரு பழம் நசுக்க ஆகலயா? கொடுங்கண்ணா."

வாங்கித் தன் ஆட்டோவை அதன்மேல் ஏற்றினார். "ஆச்சு. உங்க எஞ்சின் சார்பா."

தங்கராஜ் முகம் மலர்ந்தது.

வாத்தியாராக இருந்தபோது, ஒருவனுக்காக இன்னொருவன் 'உள்ளேன் ஐயா' சொன்னால் பெஞ்சுமேல் ஏற்றியவன் நான். இன்று கைதட்டினேன்.

சரி, பூஜையின் பலன் எஞ்சினுக்கா, ஆட்டோவுக்கா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தங்கராஜ் காத்திருக்கிறார்.