மாலை போட்ட தம்பியோடு பாளையங்கோட்டைக்கு

போன புரட்டாசியில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு என் தம்பி கணேசனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, இதற்கொரு பயணக் கட்டுரையா என்பீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் கேட்க மாட்டீர்கள்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஆனியில், காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று ஆரம்பித்தான். மாத்திரையில் அது பாதி அடங்கியது. அப்புறம் குலசேகரன்பட்டினம் அம்மன் கோயில் தசராவுக்குச் சாமி வேஷம் கட்ட மாலை போட்டான். விரதத்தில் மாத்திரை ஆகாது என்று அம்மா நிறுத்திவிட்டாள். குரல் திரும்பியது. தெருக்காரர்கள் அதை அருள் என்றார்கள், குறி கேட்கவே வந்துவிட்டார்கள்! மாலை போட்டவன் சாமி, அதட்டவும் முடியாது.

பஸ் கூட்டத்தில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பான். அதனால் காலை பாசஞ்சர் ரயில், டிக்கெட் பத்து ரூபாய். ஸ்டேஷன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது, முன்னதாகவே கிளம்புங்கள். செய்துங்கநல்லூரில் வண்டி நின்றதும் விறுவிறுவென்று இறங்கிவிட்டான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அங்கன என்னப் புடிச்சு வச்சுக்கிடுவாவ. நீயும் அதுக்குக் கூட்டு" என்றான். ரயில் போய்விட்டது. "உன்ன விட்டுட்டு வர மாட்டேன், சாயங்காலம் ரெண்டுபேரும் ஒண்ணாத்தான் திரும்புதோம்" என்றேன்.

வெளியே ஒரு ஆட்டோக்காரர் அவனுடைய சிவப்பு வேட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "சாமி எங்கன போவணும்?"

அவனே சொல்லட்டும் என்று விட்டேன். ஸ்ரீவைகுண்டம் என்று சொல்லிவிடுவானோ என்று பதறிக்கொண்டு நின்றேன்.

"பாளையங்கோட்டை. பைய போங்க அண்ணாச்சி" என்றான். முந்நூறு ரூபாய். பேரம் பேசத் தெம்பில்லை.

டாக்டரம்மா என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனோடுதான் முதலில் பேசினார். பிறகு கூப்பிட்டார். மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூக்கம், மேளத்துக்கு ஆட முடியவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். எங்களிடம் மூச்சு விடவில்லை பாருங்கள்! விரதத்தை விட வேண்டாம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும், அப்படியும் மந்தமாக இருந்தால் வேறு மருந்து பார்க்கலாம் என்றார்.

"மாத்திரைய யாரு எடுத்துத் தரணும், கணேசன்?"

"நானே எடுத்துக்கிடுதேன். அக்கா ஒரு தடவ கேக்கட்டும். வாயத் தெறந்து காட்டுன்னு சொல்லப்பிடாது."

சுருக்கென்றது. அப்படிச் சொல்கிறவள் நான்தான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விரதமோ நேர்த்திக்கடனோ, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். வழியில் இறங்கினால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கூடவே இறங்குங்கள். டாக்டர் முன்னால் அவர்களுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மனசு கேட்கவில்லை.

"இப்பவும் பேசுதா?" என்றேன்.

"பேசுது. அக்காவ நம்பாத, அவகிட்ட எதையும் சொல்லாதங்குது."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"அதான் உங்கிட்ட சொல்லுதேன்."