கூட்டமில்லாத கப்பலில் ஒரு வரிசை

யாருக்குப் பின்னால் போய் நின்றாலும் அவர் முதலில் ஒரு காரியம் செய்வார். சோம்பல் முறிக்கிறவர் போல வலது கையைத் தூக்கி, முழங்கை மடங்காமல் முன்னால் நீட்டுவார். விரல் நுனிக்கும் முன்னால் நிற்பவர் முதுகுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருந்தால் திருப்தி. தொட்டுவிட்டால் அரை அடி பின்வாங்குவார். பிறகு இடது கால் கட்டைவிரலைத் தரையில் பதித்த கல்லின் விளிம்போடு ஒட்டிவைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விடுவார். வீட்டில் மனைவி குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட இப்படித்தான். அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்வாள்: "வீட்டுல ரெண்டே பேரு. இதுல வரிசை வேறயா?"

அவர் உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தின் வாசலில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். கையில் ஒரு கயிறு. உள்ளே ஐந்து பேர் போனதும் கயிறு குறுக்கே விழும். ஐந்து பேர் வெளியே வந்ததும் எழும்பும். மழை, வெயில், அமைச்சரின் மைத்துனன், எதற்கும் அந்தக் கயிறு அசைந்தது கிடையாது. மேலாளரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் வரிசைக்காரர். ஓய்வு பெற்ற அன்று மாலை செருப்பைக் கழற்றியபடியே மனைவியிடம் சொன்னார்: "இனிமே வரிசையே இல்லாத இடத்துக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடணும்."

போக இடமும் தானாக அமைந்தது. மனைவியின் தங்கையும் அவள் புருஷனும் கப்பல் சுற்றுலாவுக்குச் சீட்டு எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். டயர் கடை வைத்திருக்கும் அந்தச் சகலைக்கு எல்லாமே பெரிதாக இருக்க வேண்டும்.

"நீங்களும் வாங்கண்ணே. நாலாயிரம் பேரு. ஏழு நீச்சல் குளம். விலையும் மலிவு."

"நாலாயிரம் பேரா? சாப்பாட்டுக்கு எத்தனை வரிசை?"

"அதை எதுக்குண்ணே நாம யோசிக்கணும்?"

"யாராவது யோசிக்கணும்ல."

மறுநாள் வரிசைக்காரர் வேறொரு கப்பலின் விளம்பரத்தாளோடு வந்தார். நூற்றைம்பதே பயணிகள். அதில் ஒரு வரியை மனைவிக்கு மூன்று முறை படித்துக் காட்டினார்: 'எங்கள் கப்பலில் வரிசை என்ற ஒன்றே கிடையாது.' விலை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மனைவி வீட்டிலேயே திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பவள். அவளுடைய மிதி மிஷின் ஓடும்போது யாரோ மூச்சிரைக்க மாடிப்படி ஏறுவது போலிருக்கும். மோட்டார் மிஷின் வாங்க நாலு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்தாள். விளம்பரத்தாள் கேட்ட கூடுதல் பணமும் அந்த மிஷின் பணமும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தின.

விளம்பரத்தாளை மடித்து அவர் கையில் கொடுத்தபடி சொன்னாள்: "சரி, எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. கப்பல்ல இருக்குற ஏழு நாளும் எனக்கு மிஷின் ஞாபகமே வரக்கூடாது. வந்துச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

"வராது. அதுக்கு நான் பொறுப்பு," என்றார் அவர்.

கப்பலில் விளம்பரம் சொன்னதெல்லாம் நிஜமாகவே இருந்தது. அதுதான் சிக்கல். கதவைத் திறக்க ஒரு ஆள், நாற்காலியை இழுக்க ஒரு ஆள், இழுத்தது சரிதானா என்று பார்க்க ஒரு ஆள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவே பேருந்தைத் திருப்பலாம். உப்பு வேண்டுமென்றால் கடிதம்தான் போட வேண்டும். எல்லோரும் ஆஸ்பத்திரியில் பேசுவது போலப் பேசினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நின்றால் மூன்று குடும்பத்து வம்பைச் சேகரித்துவிடக்கூடியவள் மனைவி. பக்கத்து அறைக்காரியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்த அம்மாள் உதட்டைத் திறக்காமல் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பது போல ஒன்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

"சாவு வீட்டுல கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலா பேசுவாங்க," என்றாள் மனைவி.

அன்று மாலை பெரிய கப்பலிலிருந்து தங்கையின் குரல் பதிவு வந்தது. அக்கா என்பதைத் தவிர எதுவும் புரியவில்லை. பின்னால் அவ்வளவு மேளமும் கூச்சலும். மனைவி அதைக் காதில் வைத்து மூன்று முறை கேட்டாள். பிறகு கடலைப் பார்த்தபடி கேட்டாள்: "ஏங்க, மோட்டார் மிஷின்ல நிமிஷத்துக்கு எத்தனை தையல் விழும்?"

வரிசைக்காரர் கடலில் மீன் தெரிகிறதா என்று தேட ஆரம்பித்தார்.

இரண்டாம் நாள் அதன் நிறத்தைப் பற்றிப் பேசினாள். பச்சை நல்லாயிருக்கும், அழுக்குத் தெரியாது என்றாள். இரவு தூக்கத்தில் அவள் வலது கால் போர்வைக்குள் மிதித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவர் தனியாக நடக்கக் கிளம்பினார். கீழ்த்தளத்தின் கோடியில் மூடியிருந்த ஒரு வெள்ளைக் கதவுக்கு முன்னால், நீலத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கதவைப் பார்த்தபடி நின்றிருந்தார். வரிசைக்காரர் யோசிக்கவேயில்லை, கால்கள் யோசித்துவிட்டன. போய்ப் பின்னால் நின்றார். கை நீண்டது. ஒரு நூல் இடைவெளி. கட்டைவிரல் கல்லைத் தேடி, கல் இல்லாமல், பலகை விளிம்பில் ஒட்டியது. கப்பலில் ஏறிய பிறகு முதல் தடவையாக ஒரு பெருமூச்சு வந்தது.

இரண்டு நிமிஷத்தில் அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். பிறகு ஒரு தம்பதி. கூடுதல் காசு கொடுத்து வந்தவர்களுக்கென்று தனியாக ஒரு பயம் உண்டு: நமக்குத் தெரியாமல் வேறு யாருக்கோ ஏதோ கிடைக்கிறது என்ற பயம். கால் மணி நேரத்தில் இருபத்திரண்டு பேர்.

புருஷனைத் தேடி வந்த மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "எதுக்குங்க நிக்கிறீங்க?"

"தெரியல."

"முன்னாடி நிக்கிறவருக்குத் தெரியுமா?"

"கேக்கக்கூடாது. வரிசையில முதல் ஆளைத் தொந்தரவு பண்றது மரியாதையில்ல."

"இதுக்குத்தான் என் மிஷின் பணத்தைக் கரைச்சீங்களா?" என்று சொல்லிக்கொண்டே அவள் கடைசியில் போய் நின்றாள். நின்றவள் சும்மா இருப்பாளா? அவளுக்கு முன்னால் நின்றது அந்தக் கண்ணாடிச் சிரிப்பு அம்மாள். பத்து நிமிஷத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது: அந்த அம்மாள் பல் டாக்டர். அவள் வாயைத் திறந்து சிரித்தால் எதிரில் இருப்பவர்கள் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்களாம். அதனால் சிரிப்பதையே குறைத்துக்கொண்டாளாம். மனைவி அங்கேயே வாயைத் திறந்து தன் கடைவாய்ப் பல்லைக் காட்டினாள். அதைப் பார்க்க இன்னும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பேச்சு வரிசையில் முன்னும் பின்னும் பரவியது.

அப்போது கதவு திறந்தது. அது சலவைத் துணி வைக்கும் அறை. துண்டு அடுக்கோடு வெளியே வந்த பணியாளர் வரிசையைப் பார்த்து வெலவெலத்துப்போனார். தான்தான் ஏதோ மறந்துவிட்டோம் என்று நினைத்து, மேலிருந்த துண்டை எடுத்து நீலத் தொப்பிக்காரரிடம் நீட்டினார். பெரியவர் துண்டைப் பார்த்தார். திரும்பி, தன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். தலை தாழ்த்தி வணங்கிவிட்டுத் துண்டோடு போய்விட்டார். அடுத்து வரிசைக்காரர். அடுத்தடுத்து எல்லோருக்கும் ஆளுக்கொன்று. ஒவ்வொரு அறையிலும் ஆறு துண்டு இருந்தது. இருந்தாலும் எல்லோரும் பரிசு வாங்கியவர்கள் போலத்தான் போனார்கள்.

மறுநாள் காலை நீலத் தொப்பிக்குப் பின்னால் நாற்பது பேர். வெள்ளை உடுப்புப் போட்ட அதிகாரி ஓடிவந்தார்.

"ஐயா, அம்மா, நம்ம கப்பல்ல வரிசையே கிடையாது. தயவுசெஞ்சு கலைஞ்சு போங்க. எது வேணும்னாலும் அறைக்கே கொண்டு வர்றோம்."

"அறைக்கு வந்தா நான் யாரோட பேசுறது?" என்றாள் பல் டாக்டர். இந்தத் தடவை எல்லாப் பல்லும் தெரிந்தது.

வரிசைக்காரர் ஒரு அடி விலகி நின்று, முப்பத்தொரு வருஷத்துக் குரலில் சொன்னார்: "சார், கலைக்கிறது சுலபம். திரும்பச் சேர்க்கிறதுதான் கஷ்டம். நீங்க போய் ஒரு கயிறு மட்டும் எடுத்துட்டு வாங்க."

அதிகாரி என்ன நினைத்தாரோ, சாப்பாட்டுக் கூடத்துத் திரையைக் கட்டியிருந்த தங்க நிறக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து கொடுத்தார். அதன் பிறகு தினமும் காலை எட்டு மணிக்கு வரிசை. மனைவி வரிசையில் நின்றபடியே பித்தான் தைத்துக் கொடுத்தாள். நீலத் தொப்பிக்காரரோடு பயணம் வந்திருந்த அவர் மகளோடு கைபேசி எண் மாற்றிக்கொண்டாள். பெரியவர் மட்டும் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நின்று, துண்டை வாங்கிக்கொண்டு போனார். வரிசைக்காரருக்கு அவர் மேல் பெரிய மதிப்பு. "தள்ளல, முட்டல, திரும்பிப் பார்த்து சலிச்சுக்கல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு முதல் ஆளை நான் பார்த்ததில்ல" என்றார்.

கடைசி நாள் மாலை தங்கை கூப்பிட்டாள். "நாலாயிரம் பேரு அக்கா! ஒரு முகமும் ஞாபகம் இல்ல. உங்க பக்கம் எப்படி?"

"ஐயோ, இங்கயா? பேசிப் பேசித் தொண்டையே கட்டிப்போச்சு," என்றாள் மனைவி. சொல்லும்போது அவள் குரல் உண்மையிலேயே கரகரத்தது.

பிறகு தளத்தின் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசைக்காரர் அவளுக்குப் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார். மிஷின் ஞாபகம் இன்னும் வருகிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அவளே சொன்னாள்: "கூட்டம் வேண்டாம்னு ரெண்டு மடங்கு கொடுத்துட்டு, வந்த இடத்துல கூட்டம் சேர்த்த ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்." அப்புறம், "பழைய மிஷினுக்கு எண்ணெய் போட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். கையை இறக்கிட்டுப் பக்கத்துல வாங்க" என்றாள்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து நீலத் தொப்பிக்காரரின் மகள் மனைவியிடம் பேசியபோதுதான் அது தெரியவந்தது. பெரியவருக்கு ஆள் கூட்டமே ஆகாதாம். அதற்காகத்தான் கூடுதல் பணம் கட்டி அந்தக் கப்பலில் வந்தாராம். கப்பல் முழுக்க அலைந்து, யாருமே வராத ஒரே மூலை அந்த வெள்ளைக் கதவுதான் என்று கண்டுபிடித்து, இன்றைக்காவது யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி, தினமும் காலையில் நிம்மதியாக நிற்கப் போனாராம். அடுத்த தடவைக்கு நாலாயிரம் பேர் போகிற கப்பலில் சீட்டு எடுத்துவிட்டாராம். அங்கேயாவது தன் பின்னால் வந்து நிற்க யாருக்கும் நேரம் இருக்காது என்று.